ஒரே வைரஸ், பல பெயர்கள்

1980-களின் இறுதியில் தனிநபர் கணினிகளில் பரவிய வைரஸ்களில் பலவற்றுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு பட்டியலில் ஜெருசலேம் என்று இருந்ததே இன்னொன்றில் 1813 என்றும், மற்றொன்றில் ‘வெள்ளிக்கிழமை 13’ என்றும் இடம்பெற்றது. நேர் எதிரான குழப்பமும் உண்டு. ‘வெள்ளிக்கிழமை 13’ என்ற அதே பெயர் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, ஜெருசலேமோடு எந்த உறவும் இல்லாத ஒரு சிறு வைரஸுக்கும் வழங்கியது. ஒரு கணினியில் இருப்பது எது என்று தெரியாமல் அதை நீக்க முடியாது. இரண்டு ஊர்களில் கிடைத்தவை ஒன்றுதானா என்று தெரியாமல் பெயர் வைப்பதில் பொருளில்லை. அடையாளம் காண்பது முந்த வேண்டும், பெயர் பின்னால் வர வேண்டும். நடந்ததோ பெரும்பாலும் தலைகீழ்.

முதன்முதல் வந்தவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 15 வயது ரிச் ஸ்க்ரென்டா, ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய எல்க் குளோனர், ஒவ்வொரு 50-வது துவக்கத்தின்போதும் திரையில் ஒரு விளையாட்டுப் பாட்டைக் காட்டியது. பாட்டிலேயே அதன் பெயர் இருந்தது. 1983-ல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோஹன், தன்னைத்தானே படியெடுக்கும் நிரலைச் செய்து காட்டியபோது, அந்த இனத்துக்கே ‘வைரஸ்’ என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனர்ட் ஏடில்மன். இனத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தனித்தனி உறுப்பினர்களுக்கு எப்படிப் பெயரிடுவது என்ற கேள்வி ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும் உலகெங்கும் பரவிய பிறகே எழுந்தது.

பிசிக்கான முதல் வைரஸாகக் கொள்ளப்படும் பிரெய்ன், 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்களால் எழுதப்பட்டது. ஃப்ளாப்பியின் முதல் 512 பைட்டுகள் பூட் செக்டர் எனப்படும். கணினி துவங்கும்போது முதலில் படிப்பது அதைத்தான். பிரெய்ன் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த உண்மையான பூட் செக்டரை வேறிடத்துக்கு நகர்த்தியது. தனக்குத் தேவையான 3 கிலோபைட் இடத்தைப் ‘பழுதானது’ என்று குறித்து ஒதுக்கிக்கொண்டது. 360 கிலோபைட் கொள்ளும் 5.25 அங்குல ஃப்ளாப்பிகளை மட்டுமே தொற்றியது, வன்தட்டைத் தொடவில்லை. ஃப்ளாப்பியின் பெயர்ப்பட்டியைப் பதிப்புரிமைக் குறியோடு ‘பிரெய்ன்’ என்று மாற்றி எழுதியது. பூட் செக்டருக்குள் சகோதரர்களின் கடைப் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்களும் எழுத்தெழுத்தாக இருந்தன. இவ்வளவு வெளிப்படையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட வைரஸ் பிறகு வரவே இல்லை எனலாம்.

இருந்தும் அதைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. பிரெய்ன் நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது பூட் செக்டரைப் படிக்கக் கேட்டால், நகர்த்தி வைத்திருந்த பழைய பூட் செக்டரை எடுத்துக் கொடுத்துவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆகவே தொற்றில்லாத, எழுத முடியாதபடி காப்புப் பட்டை ஒட்டிய ஒரு டாஸ் இயங்குதள ஃப்ளாப்பியிலிருந்து கணினியைத் துவக்கிய பிறகே எதையும் சோதிக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதியானது. அப்படித் துவக்கி, டாஸோடு வந்த டீபக் நிரலைக் கொண்டு பூட் செக்டரைத் திறந்தால், தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி 34, 12 என்ற இரண்டு பதினறும எண்கள் இருக்கும். ஒரு ஃப்ளாப்பி ஏற்கெனவே தொற்றியதா என்று பிரெய்ன் தெரிந்துகொள்வது இந்த இரண்டு பைட்டுகளைப் பார்த்துத்தான். தனக்காக வைரஸ் வைத்துக்கொண்ட அடையாளமே அதைப் பிடிக்க வந்தவர்களுக்கும் முதல் தடயம். பின்னாளில் பெயர்ப்பட்டியில் ‘பிரெய்ன்’ என்பதற்குப் பதிலாக ‘ஆஷர்’ என்று எழுதும் ஒன்றும் கிடைத்தது. உள்ளே நிரல் ஏறக்குறைய அதேதான். திரையில் தெரியும் எழுத்தை வைத்து இனம் பிரித்தால் இவை இரண்டு, நிரலை வைத்துப் பிரித்தால் ஒரே குடும்பத்தின் இரண்டு வடிவங்கள். எதை நம்புவது என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிட்டது.

கண்ட ஊரின் பெயர்

1987-ன் கடைசி மாதங்களிலிருந்து வைரஸ்கள் வரிசையாக வெளிப்பட்டன; பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில். பல பேர் மாறி மாறிப் பயன்படுத்திய பொதுக் கணினிகளும், கைக்குக் கை மாறிய ஃப்ளாப்பிகளும் அங்கேதான் இருந்தன. ஆகவே கண்ட இடமே பெயரானது. நவம்பரில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் டாஸின் கமாண்ட்.காம் கோப்பை மட்டும் தொற்றி, நான்கு முறை பரவியதும் வட்டையே அழித்த வைரஸ், லீஹை ஆயிற்று. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் 1988 மார்ச்சில் கண்ட, திரையில் ஒரு புள்ளியைப் பந்தாக எகிறவிட்ட வைரஸ், ‘இத்தாலியன்’ என்றும் ‘பிங்பாங்’ என்றும் ‘துள்ளும் பந்து’ என்றும் ‘வேரா குரூஸ்’ என்றும் அறியப்பட்டது. நியூசிலாந்தில் தோன்றி, கணினி போதையில் இருப்பதாகச் சொல்லி, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரிய ஸ்டோன்ட் வைரஸுக்கு ‘மரிஹுவானா’, ‘நியூசிலாந்து’ என்பவை மாற்றுப் பெயர்கள்.

இந்தியாவிலிருந்தும் ஒன்று உண்டு. 1990 ஜூனில் இங்கே பிடிபட்ட பூட் செக்டர் வைரஸ், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 5 அன்று கணினியை நிறுத்திவைத்து, ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று தட்டச்சு செய்யச் சொல்லும். செய்தால்தான் வேலை நடக்கும். அதனால் உலகப் பட்டியல்களில் அதன் பெயர் ஜோஷி. விளையாட்டாகத் தோன்றினாலும் எழுதியவர் கைதேர்ந்தவர். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திக் கணினியை மறுதுவக்கம் செய்தாலும் அந்த வைரஸ் நினைவகத்தை விட்டுப் போகாது. ஃப்ளாப்பியின் வழக்கமான தடங்களுக்கு வெளியே கூடுதலாக ஒரு தடத்தை வடிவமைத்து அங்கே ஒளிந்துகொள்ளும். 360 கிலோபைட் ஃப்ளாப்பியில் 0 முதல் 39 வரை 40 தடங்கள். ஜோஷி இருப்பது 40 என்ற எண்ணுள்ள, இருக்கக் கூடாத தடத்தில்.

ஊர்ப்பெயரின் குறை, கண்ட ஊரைப் பிறந்த ஊராக எண்ண வைப்பது. ஜெருசலேம் வைரஸுக்கு நடந்தது அதுதான். 1987 அக்டோபரில் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. 13-ம் தேதி வெள்ளிக்கிழமையாக அமையும் நாளில் இயக்கப்படும் நிரல்கள் ஒவ்வொன்றையும் அழிப்பது அதன் வேலை. ஆனால் ஆண்டு 1987 என்றால் அது எதையும் அழிக்காது. அப்படியானால் முதல் அழிவு நாள் 1988 மே 13. இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டதன் 40-ம் ஆண்டு நிறைவு மே 14. உடனே இது பாலஸ்தீனர்களின் அரசியல் ஆயுதம் என்ற செய்தி பரவி, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் பிஎல்ஓ என்று இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது. நாட்காட்டியைப் புரட்டினால் இந்தக் கதையின் பலவீனம் தெரியும். 1988-ல் 13-ம் தேதி வெள்ளியாக அமைந்த மாதம் மே மட்டும்தான். 1987-ஐ விலக்கிவிட்டு ‘வெள்ளி 13’ என்று நிபந்தனை வைக்கும் எந்த நிரலும், எழுதியவர் எந்த நாட்டவராயினும், அந்த நாளில்தான் முதலில் வெடித்திருக்கும். ஆனாலும் பெயர் வந்த பிறகு அதற்குள்ளிருந்து கதையை உருவுவது கடினம்.

பலியாடுகள்

ஒரு கோப்பு வைரஸைப் பிடித்து ஆராய அக்காலத்தில் கையாண்ட முறை எளிமையானது. எந்த வேலையும் செய்யாத, நீளம் துல்லியமாகத் தெரிந்த சிறு நிரல்களை உருவாக்கி, தொற்றிய கணினியில் ஓடவிடுவார்கள். இவற்றுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் பலியாடு. தொற்றிய பிறகு பலியாட்டின் நீளம் எவ்வளவு கூடியது, எந்தப் பைட்டுகள் மாறின, எவை மாறவில்லை என்று ஒப்பிட்டால் வைரஸின் உடல் தனியே தெரியும். பிறகு அதன் இயந்திரக் கட்டளைகளை அசெம்பிளி மொழிக்கு மாற்றி வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஜெருசலேமை இப்படிச் சோதித்தபோது காம் வகைக் கோப்புகள் 1,813 பைட் வளர்ந்தன. எக்ஸ்இ வகைக் கோப்புகள் 1,808 முதல் 1,823 வரை பல அளவில் வளர்ந்தன. வைரஸின் உடல் 1,808 பைட். காம் கோப்பில் உடல் முன்னால் செருகப்பட்டு, கடைசியில் ‘எம்எஸ்டாஸ்’ என்ற ஐந்து எழுத்து அடையாளம் சேர்க்கப்படுகிறது. 1,808-ம் 5-ம் 1,813. எக்ஸ்இ கோப்பில் உடலை ஒட்டுவதற்கு முன் கோப்பின் நீளம் 16-ன் மடங்காக நிரப்பப்படுகிறது. அதனால்தான் கூடுதலாக 0 முதல் 15 பைட் வரை. எக்ஸ்இ கோப்புகளில் அந்த அடையாளச் சோதனை வேலை செய்யாததால் அதே கோப்பை ஜெருசலேம் மறுபடி மறுபடி தொற்றியது. நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நினைவகத்தில் கொள்ளாமல் போன நிரல்களால்தான் அது அகப்பட்டது. எழுதியவரின் பிழை இல்லையென்றால் இன்னும் சில மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

இந்த அளவுகளே அடுத்த பெயர்களாயின: 1808, 1813. உடலுக்குள் கிடந்த ‘சம்ஸ்டாஸ்’ என்ற எழுத்துத் தொடரும் ஒரு பெயரானது. தொற்றிய அரை மணி நேரத்துக்குப் பின் திரையில் தோன்றும் கருப்புச் சதுரத்தால் ‘கருந்துளை’ என்றும் சிலர் அழைத்தார்கள். ஊர், நாள், நீளம், உள்ளெழுத்து, திரைக்காட்சி, அரசியல் வதந்தி: அக்காலத்தில் வைரஸுக்குப் பெயர் வரக்கூடிய வழிகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த ஒன்றிலேயே சேர்ந்துவிட்டன.

வியன்னா என்ற வைரஸுக்கு வந்த பெயர்களில் ஒன்று சுவையானது. 648 பைட் நீளமுள்ள இந்த வைரஸ், தொற்றிய கோப்பை அடையாளம் காண அதன் நேரக் குறிப்பைப் பயன்படுத்தியது. டாஸ் ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாக மாற்றிய நேரத்தைப் பதிக்கிறது. விநாடிகளுக்கு ஐந்து பிட் மட்டுமே இருப்பதால் இரண்டு இரண்டு விநாடியாக எண்ணுகிறது. ஐந்து பிட்டில் 31 வரை எழுதலாம். ஆனால் நிமிடத்துக்கு 29 போதும். வியன்னா அந்த இடத்தில் 31 என்று எழுதிவைத்தது. அதாவது 62 விநாடி. கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளை விநாடியைக் காட்டாததால் பயனர் கண்ணுக்கு இது தெரியாது. எந்தக் கடிகாரத்திலும் வராத 62-ஐ வைத்து ‘டாஸ்-62’ என்று ஒரு பெயர் வழங்கியது. தொற்றும் எட்டுக் கோப்புகளில் ஒன்றை, ஓட்டினால் கணினி மறுதுவக்கம் ஆகும்படி அது கெடுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

வியன்னாவின் நிரலைப் பிரித்து எழுதியவர் பெர்ன்ட் ஃபிக்ஸ். அதை ரால்ஃப் பர்கர் என்பவர் கணினி வைரஸ்கள் பற்றிய தம் நூலில் சில மாற்றங்களோடு அச்சிட்டுவிட்டார். நூலில் உள்ளதைத் தட்டச்சு செய்து அங்கங்கே மாற்றினால் யாரும் புது வைரஸ் செய்யலாம் என்றாயிற்று. லிஸ்பன் போன்ற வியன்னா வழித்தோன்றல்கள் பெருகின. 1989-ல் ஐஸ்லாந்தில் ஃபிரிட்ரிக் ஸ்குலாசன் கண்டுபிடித்த ‘கோஸ்ட்பால்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கோப்புகளைத் தொற்றும் வியன்னா வழி நிரலும், பூட் செக்டரில் எழுதப்படும் பிங்பாங் வழி நிரலும் அதில் சேர்ந்திருந்தன. இது எந்தக் குடும்பம்? ஒரு பெயருக்கு ஒரு பெற்றோர் என்று எண்ணியிருந்தவர்களிடம் விடை இல்லை.

நீளத்தால் பெயரிடுவது விஞ்ஞானமாகத் தோன்றும். ஆனால் பூட் செக்டர் வைரஸ்களுக்குக் கோப்பின் நீளம் என்ற ஒன்றே கிடையாது. ஒரே நீளத்தில் இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் வருவதைத் தடுக்கவும் ஆளில்லை. திரையின் எழுத்துகள் இலைகளைப்போல் உதிர்ந்து கீழே குவியும் காஸ்கேட் வைரஸ் 1701 என்றும் 1704 என்றும் இரு அளவில் கிடைத்தது. எண்ணைப் பெயராகக் கொண்டால் மூன்று பைட் வித்தியாசத்தில் இரண்டு உறவற்ற வைரஸ்கள் போலத் தோன்றும். காஸ்கேட் வேறொரு வகையிலும் முக்கியமானது. தன் உடலின் பெரும்பகுதியை, தொற்றிய கோப்பின் நீளத்தைத் திறவுகோலாகக் கொண்டு மறைக்குறியாக்கி வைத்த முதல் வைரஸ் அது. ஆகவே இரண்டு கோப்புகளில் அதன் உடல் ஒரே மாதிரி இருக்காது. மாறாமல் இருப்பது தொடக்கத்தில் உள்ள, குறியை அவிழ்க்கும் சில பத்து பைட்டுகள் மட்டுமே.

பதினாறு பைட் சாட்சி

பயனர்கள் டீபக்கில் பூட் செக்டர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஸ்கேனர்கள் வந்தன. அவற்றின் தத்துவம் சுருக்கமானது: வைரஸின் உடலிலிருந்து வேறெந்த நிரலிலும் வர வாய்ப்பில்லாத சுமார் பதினாறு பைட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தொடர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடு. 1989-ல் ஐபிஎம் தன் ஸ்கேனரை வெளியே விற்கத் தொடங்கியது. இந்தத் தொடர்கள் அதில் தனியொரு உரைக்கோப்பில் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் தொடங்கிய வைரஸ் புல்லட்டின் இதழ், புதிதாகக் கிடைத்த வைரஸ்களின் பதினறுமத் தொடர்களை மாதாமாதம் அச்சிட்டது. வாசகர் அவற்றைத் தம் ஸ்கேனரில் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

தொடரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கைத்திறன் இருந்தது. திரையில் காட்டும் வாசகத்திலிருந்து எடுத்தால், யாராவது வாசகத்தை மாற்றிய அன்றே ஸ்கேனர் குருடாகிவிடும். ஸ்டோன்டின் பல வடிவங்கள் கஞ்சா வாசகத்தை மட்டும் மாற்றிப் பிறந்தவை. பொதுவான கட்டளைகளிலிருந்து எடுத்தால் குற்றமற்ற நிரல்களையும் வைரஸ் என்று சொல்லிவிடும். ஒரு ஸ்கேனர் தன் தொடர்களை மறைக்காமல் நினைவகத்தில் விட்டுச்செல்ல, அடுத்து ஓட்டிய ஸ்கேனர் அவற்றைப் பார்த்து நினைவகத்தில் வைரஸ் இருப்பதாக அலறிய நிகழ்ச்சிகளும் உண்டு.

இன்னும் அடிப்படையான குறை ஒன்று இருந்தது. பதினாறு பைட் பொருந்தினால் அந்தப் பதினாறு பைட் இருக்கிறது என்று மட்டுமே பொருள்; ஜெருசலேம் என்றால் மீதி 1,792 பைட்டும் அப்படியே இருக்கிறதா என்பது தெரியாது. வைரஸ் இருக்கிறதா என்று அறிய இது போதும். நீக்குவதற்குப் போதாது. காம் கோப்பின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் வைரஸ், கோப்பின் முதல் மூன்று பைட்டுகளை எடுத்துத் தன் உடலுக்குள் ஓரிடத்தில் பத்திரப்படுத்தி, அங்கே தன்னை நோக்கித் தாவும் கட்டளையை எழுதும். நீக்கும் நிரல் அந்த மூன்று பைட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். வைரஸின் வேறொரு வடிவத்தில் அவை நான்கு பைட் தள்ளி இருந்தால், தவறான மூன்று பைட்டுகள் கோப்பின் தலையில் போய் உட்காரும். வைரஸ் போய்விடும், நிரலும் போய்விடும். பெயர்ச் சண்டை வெறும் பட்டியல்காரர்களின் சண்டை அல்ல என்பதற்கு இந்த மூன்று பைட் போதும்.

வன்தட்டில் இதைவிட மோசமான விளைவு உண்டு. ஸ்டோன்ட், வன்தட்டின் முதல் செக்டரில் உள்ள மூல நிரலை ஏழாவது செக்டருக்கு நகர்த்திவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். 1991-ல் கண்டறியப்பட்ட மைக்கேலாஞ்சலோ ஸ்டோன்டிலிருந்து பிறந்தது. அதுவும் மூலத்தை வைப்பது அதே ஏழாவது செக்டரில்தான். ஸ்டோன்ட் தொற்றிய கணினியை மைக்கேலாஞ்சலோவும் தொற்றினால், முதல் செக்டரில் உள்ள ஸ்டோன்ட் ஏழாவது செக்டருக்குப் போய், அங்கே பத்திரமாக இருந்த உண்மையான மூலத்தின் மேல் எழுதப்படும். அதன் பிறகு ஒரு வைரஸ் இன்னொன்றைத் துவக்க, அது மறுபடி தன்னையே துவக்க, டாஸ் வரவே வராது. ‘ஸ்டோன்ட் வகை’ என்று பொதுவாகச் சொல்லி ஏழாவது செக்டரைத் திருப்பி எழுதும் நிரல் இங்கே நோயையே மருந்தாகக் கொடுக்கும்.

செய்தித்தாள் வைத்த பெயர்கள்

மைக்கேலாஞ்சலோவின் நிரலில் அந்த ஓவியரைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. மார்ச் 6 அன்று வன்தட்டின் தொடக்கப் பகுதிகளை அழிக்க வேண்டும் என்ற கட்டளை மட்டுமே உண்டு. அந்தத் தேதி, 1475-ல் மைக்கேலாஞ்சலோ பிறந்த நாள் என்பதால் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரோஜர் ரியோர்டன் வைத்த பெயர் அது. 1992 மார்ச்சை ஒட்டி உலகப் பத்திரிகைகள் இந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்தன. 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற கணிப்புகூட வெளிவந்தது. உண்மையில் பதிவான பாதிப்பு அதில் மிகச் சிறு பங்குதான். ‘ஸ்டோன்டின் மார்ச் 6 வடிவம்’ என்று பெயரிட்டிருந்தால் முதல் பக்கத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இதற்கு ஒத்திகைபோல் 1989-ல் டேட்டாக்ரைம் வந்துபோயிருந்தது. அந்தப் பெயரும், 1989 மார்ச் 1 என்ற வெளியீட்டுத் தேதியும் வைரஸின் வாசகத்திலேயே இருந்தன. அக்டோபர் 12-க்குப் பிறகு ஆண்டு முடியும் வரை எந்த நாளில் ஓடினாலும் வன்தட்டின் முதல் தடங்களை வடிவமைத்து அழிப்பது அதன் வேலை. அமெரிக்கச் செய்தித்தாள்கள் அதைக் ‘கொலம்பஸ் நாள்’ வைரஸ் ஆக்கின. கொலம்பஸ் நாள் அக்டோபர் 12, வைரஸ் விழிப்பதோ 13 முதல். நெதர்லாந்தில் காவல்துறையே கண்டறியும் நிரலை விற்றது. உண்மையில் தொற்றிய கணினிகள் மிகச் சில. அந்த அக்டோபர் 13 வெள்ளிக்கிழமையாகவும் அமைந்ததால் ஜெருசலேமும் அன்றே விழித்தது. எது எதைச் செய்தது என்று பிரித்தறியாமல் இரண்டையும் ஒன்றாகப் பேசிய செய்திகள் ஏராளம்.

எழுதியவர்களுக்கும் பெயரில் ஆசை இருந்தது. பல்கேரியாவின் சோஃபியா நகரிலிருந்து ‘டார்க் அவெஞ்சர்’ என்ற புனைபெயரில் எழுதியவர், 1989-ல் வெளிவந்த 1,800 பைட் வைரஸில் எடி என்ற பாத்திரத்தின் பெயரையும் தன் புனைபெயரையும் பொறித்திருந்தார். பட்டியல்களில் அது சில இடங்களில் எடி, சில இடங்களில் டார்க் அவெஞ்சர். அவருடைய அடுத்த படைப்புகளில் ஒன்றான வி2000-இல், அவரைத் தொடர்ந்து விமர்சித்த பல்கேரிய ஆய்வாளர் வெசலின் போன்ட்செவின் பெயரைப் பதிப்புரிமை வாசகமாக எழுதிவைத்தார். உள்ளெழுத்தை நம்பிப் பெயர் வைத்தால், வைரஸைப் பிடித்தவரையே அதன் ஆசிரியராக்கிவிடலாம்.

ஒரே வைரஸுக்கு எத்தனை பெயர் சேரலாம் என்பதற்கு 1990-ன் தொடக்கத்தில் பரவலாகத் தெரியவந்த ஃப்ரோடோ நல்ல சான்று. நீளத்தால் அது 4096, சுருக்கமாக 4கே. தொற்றிய கோப்பின் நீளத்தையும் உள்ளடக்கத்தையும் மாறாதவைபோல் காட்டியதால் ஸ்டெல்த். தொற்றிய கோப்பின் ஆண்டோடு நூறைக் கூட்டி அடையாளமிட்டதால் ‘நூறாண்டு’. டாஸ் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டுவதால் 1989-ம் 2089-ம் திரையில் ஒன்றே. இஸ்ரேலில் முதலில் கண்டதால், அந்நாட்டு ராணுவத்தின் சுருக்கப் பெயரான ஐடிஎஃப். செப்டம்பர் 22 அன்று ‘ஃப்ரோடோ லிவ்ஸ்’ என்று காட்ட ஒரு சிறு நிரல் உள்ளே இருந்ததால் ஃப்ரோடோ. டோல்கீன் கதையில் அந்தப் பாத்திரத்தின் பிறந்தநாள் அது. பிழை காரணமாக அந்த வாசகம் திரைக்கு வருவதே இல்லை, கணினி உறைந்து நின்றுவிடும். கடைசியில் நிலைத்தது பயனர் ஒருவரும் காணாத அந்த வாசகத்தின் பெயர்தான்.

ஒழுங்குக்கு ஒரு முயற்சி

பட்டியல்கள் முன்பே இருந்தன. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் கிளாவுஸ் புருன்ஸ்டைன் தலைமையிலான வைரஸ் சோதனை மையம், ஒவ்வொரு வைரஸுக்கும் பெயர், மாற்றுப் பெயர்கள், கண்ட இடம், நீளம், செயல்பாடு என்று நிரல்படுத்திய பட்டியலை வெளியிட்டது. அமெரிக்காவில் பெட்ரீஷியா ஹாஃப்மனின் விசம் பட்டியலைப் பயனர்கள் பரவலாகப் பார்த்தார்கள். ஆனால் ஒரு பட்டியலின் பெயர் மற்றதைக் கட்டுப்படுத்தவில்லை.

1990-ல் உருவான கேரோ என்ற ஆய்வாளர் குழு, 1991-ல் பெயரிடும் முறை ஒன்றை வகுத்தது. வகுத்தவர்கள் ஆலன் சாலமன், ஃபிரிட்ரிக் ஸ்குலாசன், வெசலின் போன்ட்செவ். பெயர் நான்கு பகுதிகளாகப் புள்ளியிட்டு எழுதப்படும்: குடும்பம், குழு, பெரு வடிவம், சிறு வடிவம். தேவையற்ற பகுதியை விட்டுவிடலாம். ‘காஸ்கேட்.1701.ஏ’ என்றால் காஸ்கேட் குடும்பத்தில் 1,701 பைட் நீளமுள்ளவற்றில் முதலாவது. நீளம் இங்கே பெயராக இல்லாமல் பெயரின் ஒரு பகுதியாக இறங்கிவிட்டது. அதற்கு உரிய இடம் அதுதான். குடும்பத்தைத் தீர்மானிப்பது நிரலின் அமைப்பு ஒற்றுமை மட்டுமே.

விதிகளைப் படித்தால் முந்தைய ஐந்தாண்டுகளின் காயங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். எண்ணைக் குடும்பப் பெயராக்காதே. விழிக்கும் தேதியை வைக்காதே. கண்ட ஊரை வைக்காதே. நிறுவனப் பெயரும் வணிகப் பெயரும் கூடாது. உயிரோடிருப்பவரின் பெயர், அவரே எழுதினார் என்று நிரூபிக்கப்பட்டாலன்றிக் கூடாது. ஏற்கத்தக்க பெயர் முன்பே இருந்தால் புதிதாக வைக்காதே. இவ்விதிகளின்படி ஜெருசலேமும் வியன்னாவும் தகுதியற்ற பெயர்களே. ஆனால் ஊன்றிவிட்டவற்றைப் பிடுங்கினால் குழப்பம் இன்னும் கூடும் என்பதால் அவை அப்படியே விடப்பட்டன. தனிக்குணம் எதுவுமில்லாத, சில பத்து பைட்டுகளில் கோப்பை மேலெழுதும் குட்டி வைரஸ்களையெல்லாம் ‘ட்ரிவியல்’ என்ற ஒரே குடும்பத்தில் தள்ளினார்கள். உயர்நிலை மொழிகளில் எழுதப்பட்டவற்றில் நிரலின் பெரும்பகுதி மொழிமாற்றி சேர்த்ததாகவே இருக்கும். அமைப்பு ஒற்றுமையை வைத்துப் பார்த்தால் அனைத்தும் உறவினராகத் தெரியும். அவற்றைத் தொற்றும் முறையை மட்டும் வைத்துப் பிரித்தார்கள். தூய வகைப்பாட்டாளர் முகம் சுளிக்கலாம். வேறு வழியும் இல்லை.

இம்முறை செயல்பட, ‘ஏ’ வடிவத்தையும் ‘பி’ வடிவத்தையும் பிரித்தறியும் கருவி வேண்டும். பதினாறு பைட் தொடர் அதற்கு உதவாது. சாலமனின் நிரலும் ஸ்குலாசனின் எஃப்-ப்ராட்டும் கையாண்ட வழி வேறு. வைரஸின் உடலில் ஒவ்வொரு தொற்றிலும் மாறும் பைட்டுகள் எவை, மாறாதவை எவை என்று வரைபடம் எடுக்க வேண்டும். மறைக்குறியிருந்தால் முதலில் அவிழ்க்க வேண்டும். பிறகு மாறாத பைட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட வேண்டும். எண் பொருந்தினால் அது அதே வடிவம்தான். ஒரு பைட் வேறுபட்டாலும் ‘இந்தக் குடும்பத்தின் அறியாத வடிவம்’ என்று சொல்லி, நீக்க முயலாமல் நிறுத்திக்கொள்ளலாம். உழைப்பு அதிகம் பிடிக்கும் வேலை. எல்லா நிறுவனங்களும் அதில் இறங்கவில்லை. இறங்காதவர்களின் ஸ்கேனர்கள் குடும்பப் பெயரோடு நின்றன.

இதற்குள் களமும் மாறிக்கொண்டிருந்தது. பதினறுமத் தொடர்களை மட்டும் நம்புவது போதாது என்று காட்டுவதற்காகவே 1990-ல் மார்க் வாஷ்பர்ன் வியன்னாவை அடிப்படையாகக் கொண்டு 1260 என்ற வைரஸை எழுதினார். மறைக்குறியை அவிழ்க்கும் பகுதியையே ஒவ்வொரு தொற்றிலும் வேறு வேறாக அமைத்துக்கொள்வது அது. மாறாத தொடர் என்று எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. 1992-ல் டார்க் அவெஞ்சர் இந்த வித்தையை எந்த வைரஸோடும் இணைத்துக்கொள்ளத்தக்க தனிப் பொறியாக, எம்டிஇ என்ற பெயரில், வெளியிட்டார். அந்தப் பொறியைப் பயன்படுத்தும் வைரஸ்கள் ஒரே குடும்பமா? ‘இல்லை’ என்பதே கேரோ முறையின் விடை. உடலின் அமைப்பால் குடும்பம். பொறியின் பெயர் கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் ஒட்டு.

1993-ல் ஜோ வெல்ஸ் தொடங்கிய வைல்ட்லிஸ்ட், ஆய்வகச் சேகரிப்பில் மட்டும் கிடப்பவற்றை விலக்கி, பயனர்களின் கணினிகளில் உண்மையாகப் பரவுகின்றவற்றைப் பல நாட்டு ஆய்வாளர்களின் அறிக்கைகளிலிருந்து தொகுத்தது. இருவர் ஒரே வைரஸைத்தான் சொல்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாமல் அத்தகைய பட்டியல் சாத்தியமில்லை. கேரோ பெயர்கள் அன்றாடப் புழக்கத்துக்கு வந்ததில் அதற்கும் பங்குண்டு.

நான்கு பகுதிப் பெயரில் எந்தக் கணினி, எந்த இயங்குதளம் என்று சொல்ல இடமில்லை. வைரஸ் என்றாலே டாஸ் வைரஸ் என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை 1995 வரை நீடித்தது. அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் வேர்ட் ஆவணங்களில் பரவும் கான்செப்ட் வந்தது. விண்டோஸ், மெக்கின்டாஷ் இரண்டிலும் அது ஓடியது. தொற்றியது நிரலை அல்ல, ஆவணத்தை. மைக்ரோசாஃப்ட் அதை வைரஸ் என்று சொல்லாமல் ‘பிராங்க் மேக்ரோ’ என்று குறிப்பிட்டது. ஆய்வாளர்கள் கான்செப்ட் என்றே வழங்கினர். வேர்ட் மேக்ரோவைக் குறிக்கும் டபிள்யூஎம் என்ற முன்னொட்டு பெயருக்கு முன்னால் சேர்க்கப்பட்டது. அதன்பின் எக்செல்லுக்கு ஒன்று, விண்டோஸ் 95-க்கு ஒன்று என்று முன்னொட்டுகள் வந்தன. டாஸ் வைரஸ்கள் மட்டும் முன்னொட்டின்றி எழுதப்படுவது வழக்கமாக இருந்தது.